முல்லைத்தீவுக் கடலில் இறங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று வன்னியின் பல பக்கங்களில் இருந்தும் விடுமுறை நாளில் வான் பிடித்து முல்லைத்தீவுக் கரைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தங்களும் பிள்ளைகளும் சேர்ந்தே வருகிறார்கள். நீண்ட மணல், நெரிசல் இல்லை, கட்டணம் இல்லை, வரத்தான் வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே கரையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த மாதங்களில் குளிக்கலாம்?

முல்லைத்தீவு கிழக்குக் கரை. வடகிழக்கில் இருந்து வரும் வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் கரை. ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரைக்கும், சில வருடங்களில் பெப்ரவரியிலும், கடல் கொந்தளித்தபடிதான் இருக்கும். புயல்களும் தாழமுக்கங்களும் வருகிற காலமும் அதுதான். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையில்தான் ஏறியது. அந்த மாதங்களில் கரையில் நடக்கலாம், கச்சான் வாங்கிக் கொறிக்கலாம். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம்.

ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதி. ஆனால் அமைதியான அந்தக் காலத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதைக் கீழே ரியூப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன், தயவுசெய்து வாசியுங்கள்.

புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றைய கடல் அறிவித்தலைப் பாருங்கள். மீனவர்களுக்காக வெளியிடுவது என்றாலும் குளிக்கப் போகிறவருக்கும் அது பொருந்தும். எங்கள் கடல், "காங்கேசன்துறையில் இருந்து முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரை" என்கிற மாதிரிச் சொல்லப்படும் பகுதிக்குள் வரும். கடற்றொழிலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்திருந்தால் அன்றைக்குக் குளிப்பையும் விட்டுவிடுங்கள்.

நான் குளத்தில் நன்றாக நீந்துவேன். கடலிலும் சமாளிக்கலாம்தானே?

வன்னிப் பிள்ளைகள் பெரும்பாலும் குளத்திலும் வாய்க்காலிலும் கேணியிலும் நீந்திப் பழகியவர்கள். அந்தத் திறமை உண்மையானது. ஆனால் குளத்துத் தண்ணீர் நிற்கிற தண்ணீர். களைத்தால் மிதந்தபடி இளைப்பாறலாம், இளைப்பாறி முடிந்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருப்பீர்கள். கடலில் இளைப்பாறும் அந்த இரண்டு நிமிடத்தில் தண்ணீர் உங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். மூச்சு எடுக்கத் தலை தூக்கும் நேரம் பார்த்து அலை வாயில் அடிக்கும்.

அதோடு கிழக்குக் கரையின் அடித்தளம் பல இடங்களில் சரிவானது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் இன்னும் சில அடி வைத்தால் கால் நிலைக்காது. குளத்தின் அணைக்கட்டில் நின்று பாய்கிற மாதிரித் தலைகீழாகப் பாய்வது இங்கே கழுத்தை முறிக்கும். அலை கரைக்கு மிக அருகில் மடிந்து விழுகிற நாட்களில் நின்ற நிலையிலேயே ஆளைப் புரட்டி மணலில் குத்திவிடும்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். வல்வெட்டித்துறையில் இருந்து கோடியக்கரைக்கு நீந்திப்போய்த் திரும்பவும் நீந்தி வந்தவர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1971இல். அப்படிப்பட்ட ஒருவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். எவ்வளவு நீந்தத் தெரிந்தவரும் கடலுக்குள் தனியாக இறங்கக் கூடாது.

எந்த இடத்தில் இறங்குவது நல்லது?

புதிதாக வருகிறவர் தேடுவது அலை குறைந்த இடத்தை. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடைந்துகொண்டிருக்கும். நடுவில் பத்து, இருபது மீற்றருக்கு மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருமையாகத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேராக அதற்குள்தான் இறங்குவார்கள். உயிர் போகிற இடம் அதுதான்.

காரணம் இதுதான். அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக எல்லாத் தண்ணீரும் சேர்ந்து கடலுக்குள் ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. அதனால்தான் அமைதியாகத் தெரிகிறது. நுரையும் குப்பையும் கலங்கிய மணலும் கரையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தால் அங்கே இழுவை இருக்கிறது என்று அர்த்தம். இறங்கும் முன் பத்து நிமிடமாவது கரையில் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று பாருங்கள்.

இந்தப் பள்ளங்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. போன மாதம் குளித்த இடம் இந்த மாதம் மாறியிருக்கலாம். ஆகவே வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், "அண்ணை, இண்டைக்கு எந்தப் பக்கம் குளிக்கலாம்?" என்று கேளுங்கள். "உதுக்குள்ள இறங்காதையும் தம்பி, இழுக்கும்" என்று அவர் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். தினமும் விடியப்புறம் அதே தண்ணீரில் வள்ளம் தள்ளுகிறவர் அவர். வன்னிக் கரையில் அவரைவிட நல்ல அறிவிப்புப் பலகை கிடையாது.

இழுவை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

கரையை நோக்கி நீந்தக் கூடாது. எல்லோரும் செய்வது அதைத்தான், களைத்துப்போய் மூழ்குவதும் அதனால்தான். இழுவை ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் வலு குறைந்துவிடும்.

முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையை உயர்த்தி ஆட்டிக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்குச் சமாந்தரமாக, அதாவது அளம்பில் பக்கமோ வட்டுவாகல் பக்கமோ நீந்தி, அலை வெள்ளையாக உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு சேர்ந்து கரைக்கு வாருங்கள். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி இருங்கள். மிதந்துகொண்டிருக்கிறவரைத் தேடிப் படகு வர நேரம் இருக்கும்.

ரயர் ரியூப், காற்றடித்த மெத்தை கொண்டுவரலாமா?

வேண்டாம். சோளகக் காலத்தில் எங்கள் கரையில் காற்று மேற்கில் இருந்தும் தென்மேற்கில் இருந்தும் வரும். அதாவது நிலத்தில் இருந்து கடலுக்குள். கரையோரம் கண்ணாடி போலத் தெரிகிற அந்த நாட்களில்தான் ரியூபில் படுத்திருக்கும் பிள்ளையைக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். அலை இல்லை என்று பெற்றோரும் கவலையில்லாமல் இருப்பார்கள். திரும்பிப் பார்க்கும்போது ரியூப் ஐம்பது மீற்றருக்கு அப்பால் இருக்கும். அதைவிட்டுக் குதித்து நீந்தி வரப் பிள்ளைக்குப் பயம். பின்னால் நீந்திப் போகிறவர் காற்றின் வேகத்துக்கு எட்டிப் பிடிக்க மாட்டார்.

பந்து கடலுக்குள் போனாலும் இதே கதைதான். விட்டுவிடுங்கள்.

வரும்போதே காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒரு பிடி உலர்ந்த மணலை மேலே தூவினால் தெரியும். முதுகில் காற்றுப் பட்டபடி கடலைப் பார்த்து நிற்கிறீர்கள் என்றால் மிதக்கும் சாமான் எதுவும் அன்று தண்ணீருக்குள் போகக் கூடாது.

உயிர்காப்பாளர்கள் இருப்பார்களா? கொடிகளுக்கு என்ன அர்த்தம்?

இருப்பார்கள் என்று நம்பி வராதீர்கள். வன்னிக் கரை மிக நீளமானது, பெரும்பகுதியில் கூப்பிடு தூரத்தில் ஒருவருமே இருக்க மாட்டார்கள். கொடி கட்டியிருக்கும் கரைக்கு எங்கே போனாலும் இதை நினைவில் வையுங்கள்: சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம், தனிச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. கொடியே இல்லாத கரை பாதுகாப்பான கரை என்று அர்த்தமில்லை.

ஆகவே உங்கள் கூட்டத்தில் ஒருவர் தண்ணீருக்குள் இறங்காமல், கைத்தொலைபேசியைப் பாராமல், ஆட்களையே எண்ணிக்கொண்டு கரையில் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருவராக மாறிக்கொள்ளலாம்.

கரைவலை இழுக்கும் இடத்தில் குளித்தால் என்ன?

அது அவர்கள் வலை இழுக்கும் இடம், அவர்களின் பிழைப்பு. வலை கடலுக்குள் வளைத்துப் போடப்பட்டிருக்கும். இரண்டு பக்கக் கயிறுகளும் கரைக்கு வரும். கயிறு இறுகும்போது காலில் சிக்கினால் ஆளையே விழுத்தும். சில இடங்களில் உழவு இயந்திரத்தாலும் இழுக்கிறார்கள், கரையில் அது முன்னும் பின்னும் ஓடும்போது சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிறவரின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். தள்ளி நின்று பாருங்கள். கூப்பிட்டால் ஒரு கை கொடுங்கள், சந்தோஷப்படுவார்கள். மீனும் அங்கேயே வாங்கலாம்.

படகில் ஒரு சுற்றுப் போய் வரலாமா? வேறு நீர் விளையாட்டுகள்?

மீன்பிடிப் படகு ஆட்களை ஏற்றுவதற்கான படகு இல்லை. தெரிந்தவர் கூட்டிப் போவதாகச் சொன்னாலும் ஏறும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? இருந்தால் அதைப் போட்டு, வார்களை இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அளவு பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். பிள்ளைக்குப் பெரியவரின் அங்கியைப் போட்டுவிடுவதில் பயனில்லை. படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கத்துக்கு எழும்பி வருவதால் கவிழ்கிற படகுகள் உண்டு, அதனால் உட்கார்ந்தே இருங்கள்.

கயாக் துடுப்புப் படகு பழக விரும்பினால் களப்பில், காற்று இல்லாத காலை நேரத்தில், அங்கியோடு தொடங்குவது நல்லது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் கைட் சேர்ஃபிங் மன்னார்த் தீவுப் பக்கத்தில் நடக்கிறது. அதைப் பயிற்சியாளர் இல்லாமல் முயலவே கூடாது.

நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் களப்புகளில் அலை இல்லையே, அங்கே குளிக்கலாமா?

அலை இல்லைதான், வேறு கவலைகள் இருக்கின்றன. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில், முக்கியமாக மாரி மழைக்குப் பிறகு, களப்புத் தண்ணீர் முழுவதும் ஒரு குறுகிய வாயால் கடலுக்குப் பாயும். அந்த வேகத்தில் காலே ஊன்ற முடியாது. வட்டுவாகல் பாலத்தடியில் தண்ணீர் ஓடும்போது பாய்ந்து விளையாடும் இளம் பிள்ளைகளைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். மற்றக் காலங்களில் சேறு காலைப் பிடிக்கும், இறால் வலைகளும் தடிகளும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். முதலைகளும் உண்டு. உள்ளூர் ஆட்கள் இறங்காத இடத்தில் இறங்காதீர்கள்.

மன்னார்ப் பக்கம் எப்படி?

மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல். பேசாலை இருக்கும் வடகரை பாக்கு நீரிணைப் பக்கத்து ஆழமில்லாத கடலைப் பார்த்தது. வாடைக்காலத்தில் அங்கே கொந்தளிப்பு. தாழ்வுபாடு இருக்கும் தென்கரை மன்னார் வளைகுடாவைப் பார்த்தது. சோளகத்தில் அந்தப் பக்கம் மோசம். ஒரு கரை கலங்கியிருக்கும் காலத்தில் மற்றக் கரை பெரும்பாலும் அடங்கியிருக்கும். முல்லைத்தீவுக்குச் சொன்ன மாதங்களை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளை எவ்வளவு தூரம் விடலாம்?

கை எட்டும் தூரம். முழங்கால் அளவு தண்ணீர். மூழ்குகிற பிள்ளை சத்தம் போடாது, கையாட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னுக்குச் சாய்ந்து, ஏணியில் ஏற முயல்வது மாதிரிக் கைகள் அசையும். விளையாடுகிறது என்று நினைப்போம். "அக்கா பார்ப்பா" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் நாலு வயதுப் பிள்ளையை ஒப்படைப்பது இரண்டு பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம்.

ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாட வருகிறோம். சேலையோடுதானே இறங்க வேண்டும்?

பிதிர்க்கடன் முடித்துக் கடலில் முழுக வருகிறவர்களில் வயதானவர்களும், காலையில் இருந்து சாப்பிடாத விரதகாரரும் அதிகம். நனைந்த சேலையும் வேட்டியும் காலைச் சுற்றும், எழும்ப விடாது. முழங்கால் அளவில் நின்று, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடிக்க, குனிந்து மூன்று முறை முழுகினால் போதும். கடலுக்கு முதுகைக் காட்டாமல் நில்லுங்கள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். கோயில் தொண்டர்கள் ஆழம் குறைந்த இடத்தில் கயிறு கட்டி, நீந்தத் தெரிந்த இளைஞர்களை வெளிப்பக்கம் நிறுத்தினால் பெரிய உதவி.

இந்தக் கரைக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவு ஆழமானது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் உப்பு நீரில் விளக்கெரிக்கும் தீர்த்தம் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. பக்தியோடு வருகிறவரைத் தடுக்கச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

கொஞ்சமாகக் குடித்துவிட்டு இறங்கினால்?

இறங்கக் கூடாது. குடித்த நண்பர் அடம்பிடித்தால் வானுக்குள் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.

இடி மின்னல் வந்தால்?

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் திடீரென இடிமுழக்கம் வரும். முதல் முழக்கத்திலேயே கரையை விட்டு வானுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். பனை, தென்னைக்குக் கீழே ஒதுங்காதீர்கள். கடைசி முழக்கம் கேட்டு அரை மணி கழிந்த பிறகு வெளியே வரலாம்.

சொறிமுட்டை பட்டால், திருக்கை குத்தினால்?

சொறிமுட்டை பட்ட இடத்தில் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டும் இன்னும் நஞ்சை வெளிவிடச் செய்யலாம். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைத் துணி சுற்றிய கையாலோ குச்சியாலோ எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் விடுங்கள். திருக்கை முள்ளுக்கும் வெந்நீர்தான்: காலை அரை மணியாவது வெந்நீருக்குள் வைத்தால் வலி இறங்கும். முதலில் உங்கள் கையை விட்டுச் சூடு பாருங்கள், காயப்பட்டவருக்கு அந்த வலியில் சூடு தெரியாது. ஆழக் குத்தியிருந்தாலும், மூச்சு முட்டினாலும், முகம் வீங்கினாலும் உடனே ஆஸ்பத்திரி. கலங்கிய தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

மணலில் இரும்புத் துண்டு மாதிரி ஏதாவது கண்டால்?

தொடாதீர்கள், உதைக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். போர் முடிந்தது 2009இல். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. மாரியில் அலை கரையை அரிக்கும்போது புதைந்தவை வெளியே வரும். வந்த காலடியிலேயே திரும்பிப் போய், இடத்தை அடையாளம் வைத்து 119க்குச் சொல்லுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் எதற்காகவும் போகக் கூடாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை வானைவிட்டு இறங்கும் முன்பே சொல்லுங்கள்.

முள்ளிவாய்க்கால், மாத்தளன் கரையில் குளிக்கலாமா?

அந்தக் கரையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அதே ஊரில் வாழ்கிறார்கள். பாட்டுப் பெட்டி, மதுப் போத்தல், கூச்சல் எதுவும் அங்கே வேண்டாம். விளையாடிக் குளிக்க விரும்பினால் முல்லைத்தீவு நகரக் கரைக்கு வாருங்கள். முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கம் போகிறவர்கள் அமைதியாக நின்று, நினைத்துவிட்டு வரலாம்.

கடல் திடீரென உள்வாங்கினால்?

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் சுனாமியில் இந்தக் கரை போனது. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கி அடித்தளம் தெரிந்தாலோ, பெரிய இரைச்சல் கேட்டாலோ, மீன் பொறுக்க நிற்காமல் உள்நாட்டுப் பக்கம் ஓடுங்கள். இங்கே மேடு குறைவு, ஆகவே தூரம்தான் பாதுகாப்பு. முள்ளிவாய்க்கால் பக்கம் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் என்பதால், வாகனத்தை நிறுத்தும்போதே வெளியேறும் பாதையைப் பார்த்து வையுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதீர்கள், பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

ஒருவர் மூழ்குவதைக் கண்டால் நான் பாயலாமா?

பாய வேண்டாம். மூழ்குகிறவர் கைக்கு எட்டுவதைப் பிடித்து அமுக்குவார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு, மூன்று பேர் போன வீடுகள் உண்டு. கரையில் இருக்கும் தொழிலாளரைக் கூப்பிடுங்கள், அவர்களிடம் படகும் கயிறும் மிதவையும் இருக்கும். மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர் கானை எறிந்தாலே ஒருவர் அதை நெஞ்சோடு அணைத்து மிதக்கலாம். குளிக்க வரும்போது இரண்டு வெறும் கான்களும் ஒரு நீளக் கயிறும் வானில் கிடக்கட்டும். ஆளைப் பார்த்தபடி ஒருவர் விரலைச் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். கண்ணெடுத்தால் அலைக்குள் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

கரைக்குக் கொண்டு வந்த பிறகு?

வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். இதில் போகும் நிமிடங்கள்தான் உயிரை எடுக்கின்றன. மூச்சு இல்லை என்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, நாடியை (மோவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 30 முறை வேகமாக அழுத்துங்கள். பெரியவருக்கு 5 சென்ரிமீற்றராவது பதிய வேண்டும், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அப்புறம் இரண்டு ஊதல், திரும்ப 30. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். வேறொருவர் 1990க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. மூச்சு இருந்தும் மயக்கமாக இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள்.

எழும்பி உட்கார்ந்து கதைக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

இல்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போனவருக்குச் சில மணித்தியாலங்கள் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, தூங்கி விழுகிறார் என்றால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. நன்றாகத் தெரிந்தாலும் மாஞ்சோலையில் இருக்கும் முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரியில் காட்டி, வைத்தியர் போகலாம் என்று சொல்லும் வரைக்கும் அங்கேயே இருங்கள். வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ திரும்பும் நீண்ட வழியில், இருட்டில், வானுக்குள் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கினால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்காது.